படகுக்காரியின் கோட்டு

அவளுக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்பதைவிட, எதற்குப் பயமில்லை என்று கேட்டால் பதில் சீக்கிரம் முடிந்துவிடும். கத்தரிக்குப் பயமில்லை. ஊசிக்குப் பயமில்லை. விரல் நுனியை நனைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியின் அடியில் தொட்டு, 'சுர்' என்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள், அதற்கும் பயமில்லை. மற்றபடி லிஃப்ட், தொலைபேசி மணி, மாடிப்படியில் கேட்கும் மேனேஜரின் செருப்புச் சத்தம், யாராவது "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது, எல்லாவற்றுக்கும் பயம்தான். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் முதலில் "ஐயோ" என்றுதான் வரும். நல்ல செய்திக்கும் அதே வார்த்தைதான். சினிமாவுக்கு உடை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்கு 'ஐயோக்கா' என்று பெயர் வைத்தவர் கட்டிங் மாஸ்டர். அவர் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அக்கா என்றே கூப்பிடுவார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் மட்டும் தைக்கும் வரிசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தாள். தன் காலர் போய்ச் சேர்ந்த முழுச் சட்டையைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறாள். பிறகு இந்தக் கூடத்துக்கு வந்து ராஜா உடை, போலீஸ் உடை, பேய் உடை என்று எல்லாம் தைத்தாள். தான் தைத்த பேய் உடையைத் தானே பார்க்க மாட்டாமல் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவைப்பாள்.

அவள் கணவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். "பயப்படுறதை நீ பார்த்துக்கோ, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வசனம். ஒரு நாள் காலையில் எப்போதும்போல வேலைக்குப் போனவர், பார்சல் மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. செய்தி தொலைபேசியில் வந்தது. அதற்குப் பிறகு அந்த மிச்சமும் அவள் தலையில் விழுந்தது.

மிச்சத்தில் பெரியது மகள். இருபத்திரண்டு வயதானாலும் வீட்டில் பாப்பாதான். அப்பா போன பிறகு கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் கடைக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூட்டிக்கொண்டிருந்தால் தட்டலாம், கத்தலாம், உடைக்கலாம். வெறுமனே சாத்திய கதவை என்ன செய்வது என்று தாய்க்குத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று மூச்சை அடக்கி நிற்பாள். சில நாள் ஒரே ஒரு சத்தம் கேட்கும். காகிதம் புரளும் சத்தம். அது கேட்டால் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருக்கும்.

அந்த வருடம்தான் ஒரு இளம் டைரக்டர் கூடத்துக்கு வந்தான்; எல்லோருக்கும் அவன் தம்பி. தாடி மட்டும் பெரிய ஆளுடையது. கண்கள் பரீட்சைக்குப் போகிற பையனுடையது.

"மாங்கா ஒண்ணு படமா எடுக்கறோம்," என்றான்.

"மாங்காவா? கல்லெடுத்து அடிச்சா விழுமே, அதுவா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

அது ஜப்பானியப் படக்கதைக்குப் பெயர் என்று தம்பி பொறுமையாக விளக்கினான். பதினோரு புத்தகம். கடல் ஏறி வந்து முங்கிப்போன ஒரு நகரம். பிரிந்துபோனவர்களைப் பற்றிய சேதியை வீடு வீடாகப் படகில் கொண்டுபோய்ச் சொல்லும் ஒரு பெண். படிப்பவர்கள் அவளைப் படகுக்காரி என்பார்கள். காணாமல்போன அண்ணனுடைய மழைக்கோட்டை எப்போதும் போட்டுக்கொண்டிருப்பாள். தோள் இறங்கி, கை நீண்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டு.

"அந்தக் கோட்டுதான் படம். அது தப்பாப் போச்சுன்னா எல்லாமே போச்சு. கலரை மாத்தலாம், இடுப்பைப் பிடிக்கலாம்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நான் முடியாதுன்னுட்டேன். வரைஞ்சதுல எப்படி இருக்கோ அப்படியே வேணும். ஒரு தையல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"வரைஞ்சதுல தையலே இல்லையே தம்பி, வெறும் கோடுதானே இருக்கு?"

"அதான் மாஸ்டர் என் பயமே."

தம்பி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஐயோக்கா எட்டிப் பார்த்தாள். அதே படம் அவள் வீட்டில், பாப்பாவின் அறைச் சுவரில், கட்டிலுக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது.

"ஐயோ," என்றாள்.

"புத்தகம் ஒரு செட் அனுப்பறேன்கா."

"வேண்டாம் தம்பி. வீட்டுலயே இருக்கு."

அன்று மாலை பாப்பாவின் கதவருகே நின்று விஷயத்தைச் சொன்னாள். உள்ளே காகிதச் சத்தம் நின்றது. நெடுநேரம் கழித்துக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"அட்டை மடங்கக் கூடாது."

"மடங்காது பாப்பா."

"அம்மா." குரல் மட்டும் வந்தது. "அதைக் கெடுத்துடாத. எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

எத்தனையோ பயங்களை ருசி பார்த்தவள் அவள். இது புது ருசி. தன் கையால், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையால், மகளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பொருளைப் பாழாக்கிவிடக்கூடும். மறுநாள் கத்தரியை எடுக்கவும் பயமாக இருந்தது; கத்தரிக்கு அவள் பயந்தது அதுதான் முதல் தடவை.

மதிய இடைவேளையில், பேப்பர் உறை போட்ட புத்தகங்களைக் கூடத்து மேஜையில் விரித்துப் படித்தாள். முதலில் கதையைப் படிக்கவில்லை, கோட்டைப் படித்தாள். எந்தப் பக்கத்தில் பை, காலர் எவ்வளவு உயரம், முதுகில் மடிப்பு எங்கே விழுகிறது. வரைந்த கோட்டுக்கு எடை கிடையாது. வேண்டிய இடத்தில் பறக்கும், வேண்டாத இடத்தில் அடங்கும். துணி அப்படிச் சொன்னபடி கேட்காது. மெழுகு பூசிய பருத்தியில் ஒன்று, கித்தானில் ஒன்று என்று தைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஓரமடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தபோதுதான், நடந்தால் ஆடி, நின்றால் சட்டென்று கனத்துத் தொங்கியது. மாஸ்டரே அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் துடுப்புப் போடுவதுபோல் நடந்து காட்டினார்.

"எப்படி? பொண்ணு மாதிரி இருக்கேனா?"

"ஐயோ, பொண்ணைக் காணோம்னு தேடுற அப்பா மாதிரி இருக்கீங்க மாஸ்டர்."

"சிரி, சிரி. படம் வெளிவந்து ரசிகர்களுக்குப் பிடிக்கலைன்னா நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. முன்னாடி ஒரு படத்துல ஹீரோ தலைமுடியைக் கறுப்பாக்கிட்டாங்கன்னு தியேட்டர் வாசல்லயே உட்கார்ந்து ஒப்பாரி வச்சாங்க, தெரியுமா?"

அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

பட்டன் வைக்கும் நேரத்தில்தான் அந்தச் சந்தேகம் வந்தது. தையல்காரர்களுக்கு இது பால பாடம். ஆண் உடுப்பில் இடப்பக்கத் துணி மேலே வந்து மூடும். பட்டன் நுழையும் ஓட்டையான காஜா இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். பெண் உடுப்பில் வலப்பக்கத் துணி மேலே. போட்டிருப்பவர்கள் ஆயுள் முழுக்க இதைக் கவனிக்காமல் இருந்துவிடலாம், தைப்பவர்களால் முடியாது. இது அண்ணனின் கோட்டு. ஆனால் புத்தகத்தில், பக்கத்துக்குப் பக்கம், வலப்பக்கத் துணிதான் மேலே இருந்தது. வரைந்தவருக்குத் தையல் தெரியாதுபோலும் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் மழைநீர் ஓடும் திசை வரை சரியாக வரைந்த மனிதர் இதில் மட்டும் தூங்கிவிடுவாரா?

மாஸ்டரிடம் கேட்கப் பயம். தம்பியிடம் கேட்கப் பெரும் பயம். பாப்பாவின் கதவருகே போய் நின்றாள்.

"பாப்பா, ஒரு சந்தேகம். அண்ணன் கோட்டுன்னு சொல்றா இல்ல? அப்புறம் ஏன் பட்டன் பொம்பளைப் பக்கமா மூடுது?"

கதவு திறந்தது. ஒரு கை அளவுக்கு அல்ல, முழுதாக.

"நீயும் பார்த்தியா?"

பாப்பா மாதக்கணக்கில் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "காலர் தைக்கிறவ பொண்ணும்மா நான், எனக்குத் தெரியாதா? மொத்தம் பதினோரு புத்தகம். அதுல ஒரு இடத்துலகூட அவ அம்மாவைப் பத்திப் பேச மாட்டா. அண்ணன், அண்ணன், அண்ணன்தான். ஏன்? ஏன்னா அது அண்ணன் கோட்டே இல்ல. அம்மா கோட்டு. போனது அம்மா. ஊர்ல எல்லாருக்கும் எல்லாச் சேதியும் சொல்றா, இந்த ஒண்ணை மட்டும் அவளால சொல்ல முடியல. அதனால அண்ணன்னு பொய் சொல்றா. இது வேற யாருக்கும் தெரியாதும்மா. எனக்கு மட்டும்தான் தெரியும்."

தாய் தலையை ஆட்டினாள். மகள் இவ்வளவு பேசியதில் சந்தோஷம் பொங்கியது. ஆனால் 'போனது அம்மா' என்றபோது அந்த முகத்தில் தெரிந்த ஏதோ ஒன்று அவளைத் தடுத்து நிறுத்தியது. அது என்னவென்று கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள், புத்தகத்தில் இருந்தபடியே வலப்பக்கத்தில் காஜா எடுத்தாள்.

கோட்டைப் போட்டுப் பார்க்கும் நாள். படகுக்காரியாக நடிக்கும் பெண் ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நின்றாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. டைரக்டர் தம்பி மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பெண்ணையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கண்ணாடில சரியா இருக்கு," என்றான் மெதுவாக. "நேர்ல தப்பா இருக்கு."

பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்தான். ஜப்பானிலிருந்து வரவழைத்த மூலப் பதிப்பு. ஐயோக்கா பாப்பாவின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே பக்கம், அதே படம். ஒன்றில் படகு இடப்பக்கம் போகிறது, மற்றதில் வலப்பக்கம். ஒன்றில் துடுப்பு வலக்கையில், மற்றதில் இடக்கையில்.

"அவங்க வலமிருந்து இடமாப் படிக்கறவங்க," என்றான் தம்பி. "நமக்குப் படிக்க வசதியா இருக்கட்டும்னு, இங்க அச்சடிச்சவங்க ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடி மாதிரி திருப்பிட்டாங்க. அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வாங்க. எனக்குத் தெரியும். ஆனா பட்டன்ல இது வந்து நிக்கும்னு யோசிக்கவே இல்ல."

மூலத்தில், பக்கத்துக்குப் பக்கம், இடப்பக்கத் துணி மேலே இருந்தது. ஆண் கோட்டு. அண்ணனின் கோட்டு.

நடிக்கும் பெண் உடை மாற்றப் போனாள். தம்பி தையல் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன். இங்க படம் பார்க்க வர்ற அத்தனை பேரும் திருப்பின புத்தகத்தைப் படிச்சு வளர்ந்தவங்க. நான் யாருக்கு உண்மையா இருக்கணும்? வரைஞ்சவருக்கா, படிச்சவங்களுக்கா? இனி எனக்குத் தூக்கம் வராது. இப்படியே விட்டாலும் யாரும் கேக்கப் போறதில்ல. நீங்க தச்சவங்க. நீங்க சொல்லுங்க."

வாழ்க்கையில் அவளை யாரும் 'நீங்க சொல்லுங்க' என்று கேட்டதில்லை. வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டால் பாப்பாவின் கதை பிழைக்கும். யாருக்கும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியும். அச்சகத்தில் திருப்பிப் போட்ட ஒரு தகட்டின்மேல் மகள் வீடு கட்டிக் குடியிருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டே, தினமும் அந்த வாசலில் தட்டை வைக்கவேண்டும். மாற்றினால், அந்த வீட்டை இடித்தவள் தானே ஆவாள்.

"ஐயோ தம்பி," என்றாள். "அந்தப் பொண்ணு அண்ணன் கோட்டுன்னு சொல்றா. கேக்கறவங்க அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். தைக்கிறவ அவ பேச்சை மாத்தக் கூடாது."

இதைத் தைரியம் என்று சொல்லிவிட முடியாது. தைரியசாலிக்குத் தான் செய்வது சரி என்ற எண்ணமாவது துணைக்கு இருக்கும். அவளுக்கு அதுவும் இல்லை. இரண்டு பயங்களுக்கு நடுவே நின்று, எதோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்த முடியும் என்று பார்த்தாள், அவ்வளவுதான். காஜா வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. முன்பக்கத் துணிகளை மாஸ்டர் புதிதாக வெட்டிக் கொடுத்தார். உலர்ந்த கோட்டு, நனைந்த கோட்டு, கிழிந்த கோட்டு என்று எல்லாவற்றையும் இடப்பக்கம் மேலே வரும்படி தைத்து முடித்தாள்.

பாப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் போனாள். கதவருகே நின்று "பாப்பா, ஒண்ணு சொல்லணும்" என்பாள். "என்ன?" என்று குரல் வரும். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள். ட்ரெய்லர் வந்தபோது பாப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது. அடுக்களையில் நின்றவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். நல்ல காலம், அதில் படகுக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டன் தெரியவில்லை.

"அம்மா!" அறைக்குள்ளிருந்து கூவினாள் பாப்பா. "முதல் நாள் போலாமா?"

அவள் வீட்டைவிட்டு வெளியே கால் வைத்தே எத்தனையோ காலம் ஆகிறது. இந்தக் கேள்விக்காகத் தாய் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். இப்போது அதுவே கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

தியேட்டருக்குள் நுழைந்த தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். பகல் காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கோட்டுப் போட்டிருந்தார்கள். வீட்டில் தைத்தது, கடையில் கொடுத்துத் தைத்தது, அப்பாவுடைய பழைய மழைக்கோட்டைப் பிரித்துத் தைத்தது. ஒவ்வொன்றையும் அவள் கண் பட்டன் பட்டனாகப் பார்த்தது. எல்லாம் வலப்பக்கம் மேலே. புத்தகத்தைப் பார்த்து அணு பிசகாமல் தைத்திருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரு பக்கம். அவள் தைத்தது மட்டும் மறுபக்கம். வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. தண்ணீர். மூழ்கிய வீடுகளின் மேல்மாடி ஜன்னல்கள். தூரத்தில் ஒரு படகு.

முதுகு காட்டி வந்தாள் படகுக்காரி. கோட்டு தோளிலிருந்து சரிந்து தொங்கியது. அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் மட்டும் கேட்டது. தாய் திரையைப் பார்க்கவில்லை; பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் அந்த முகத்தில் ஏறி இறங்கியது. உதடு அசைந்துகொண்டிருந்தது. படகுக்காரி பேசப்போகும் வரியை, அவள் பேசுவதற்கு ஒரு கணம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரனும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். முன்வரிசையிலும் அப்படித்தான்.

தெரிந்த கதையைத் தெரிந்தபடியே காட்டினால் என்ன சந்தோஷம் இருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரும்பாலான படங்கள் அந்தக் கேள்விக்குத் தோற்றும் போகின்றன. படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைப் படிப்பவர் தனியாக இட்டு நிரப்பிக்கொள்கிறார். தான் நிரப்பியது சரியா என்று கேட்க அவருக்கு ஆள் கிடையாது. இந்தப் படத்தை எடுத்தவன் அந்த இடைவெளிகளைத் தன் சாமர்த்தியத்தால் அடைக்காமல் விட்டிருந்தான். படகுக்காரி துடுப்பை நிறுத்தினால், புத்தகத்தில் விரல் பக்கத்தைத் திருப்பத் தயங்கும் அவ்வளவு நேரம் படமும் நின்றது. அப்போது அரங்கே நின்றது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த ஒரு தயக்கம் பக்கத்து இருக்கையிலும் இருப்பதைக் கண்டுகொண்டார்கள். கூடவே, புத்தகத்தில் இல்லாத ஒன்றும் வந்து சேர்ந்தது: எடை. படகுக்காரி படியேறும்போது நனைந்த கோட்டு அவளைப் பின்னுக்கு இழுத்தது. இத்தனை வருடம் இதைத் தூக்கிக்கொண்டா அலைந்தாள் இவள் என்று யாரோ முனகினார்கள்.

ஏழாவது புத்தகத்தின் பேச்சில்லாத பக்கம் வந்தது. படகுக்காரி ஒரு படிக்கட்டில் நிற்கிறாள். சொல்ல வந்த சேதியைச் சொல்லாமல் கோட்டுப் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறாள். இசை இல்லை, நீர் சொட்டும் சத்தம் மட்டும். கை பெரிதாகத் தெரிந்தது. துணி பெரிதாகத் தெரிந்தது. இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து மூடியது.

பாப்பாவின் உதடு நின்றது.

"அம்மா."

"ம்."

"பட்டன்."

"ம்."

"ஆம்பளைப் பக்கம்."

"புத்தகத்தை... கண்ணாடி மாதிரி திருப்பி அச்சடிச்சிருக்காங்க பாப்பா. ஜப்பான் புத்தகத்துல இப்படித்தான். நான் உனக்குச் சொல்லணும்னுதான்..."

"உஷ்!" என்றார்கள் பின்னாலிருந்து.

பாப்பா திரைக்குத் திரும்பிவிட்டாள். இடைவேளை வரும்வரை அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாத்திய கதவு மாதிரி இருந்தது. தாய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். போச்சு. இனி அந்தக் காகிதச் சத்தமும் கேட்காது.

விளக்கு எரிந்தபோது பாப்பாவின் கன்னம் ஈரமாக இருந்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"முதல் கோட்டைப் போட்டுப் பார்த்தப்பவே."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல!" பாப்பா மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஏழாவது புத்தகத்தை நான் நீ வேலைக்குப் போனப்பதான் படிப்பேன், தெரியுமா? கேட் திறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் அந்தப் பட்டன் பக்கத்தைத் திருப்ப மாட்டேன். அப்பாவும் இப்படித்தானே காலைல போனாரு. சத்தம் கேட்டாத்தான் மூடி வைப்பேன்."

தாய் கதவுக்கு வெளியே நின்று காகிதச் சத்தத்துக்குக் காத்திருந்ததுபோல, உள்ளே ஒருத்தி கேட் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பயம், ஒன்றையொன்று தெரியாமல்.

"ஆனா இது அண்ணன் கோட்டுதான்மா," என்றாள் பாப்பா. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், ஒவ்வொரு வார்த்தையாக. "அவ பொய் சொல்லல. அப்பன்னா, அம்மாவைப் பத்தி அவ ஏன் பேசவே இல்ல? அம்மா இருக்கறதாலதான். இருக்கறவங்களைப் பத்தி யாரு பேசிக்கிட்டே இருப்பா?" நிமிர்ந்து பார்த்தாள். "அவ அம்மா எங்கயோ இருக்காம்மா. உயிரோட."

அது சரியா தவறா என்று சொல்லப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. பாப்பா எழுந்தாள். தாயின் பதிலுக்குக் காத்திருக்காமல் விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

கழிப்பறைக்குத்தான் போகிறாள், அங்கே கதவைத் தாழிட்டுக்கொள்ளப் போகிறாள் என்று பயந்து ஐயோக்கா பின்னால் ஓடினாள். முன்கூடத்தில், கோட்டுப் போட்ட ஒரு கும்பல் சுவரோரம் நின்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"பட்டனை மாத்தித் தொலைச்சிட்டானுங்கடா! மத்ததெல்லாம் அப்படியே எடுத்துட்டு, பட்டன்ல கோட்டை விட்டுட்டான்!" என்று கத்தினான் ஒல்லியான ஒருவன்.

"மாத்தல," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். பாப்பாவின் குரல். சின்னதாக, பழக்கம் விட்டுப்போய்க் கரகரத்து வந்தது.

"நம்மகிட்ட இருக்கற புத்தகம்தான் தலைகீழ். கண்ணாடில திருப்பின மாதிரி. அவ எந்தக் கைல துடுப்புப் போட்டா, பார்த்தீங்களா?"

"யாரு நீ? பெரிய இவளா?"

"கோட்டு தைக்கிறவ பொண்ணு."

ஒல்லிக்காரன் வாயைத் திறந்து மூடினான். கண்ணாடி போட்ட ஒரு பெண் முன்னால் வந்து, தன் கோட்டின் முன்பக்கத்தை விரித்துக் காட்டினாள். "அப்ப இது? நான் மூணு தடவை பிரிச்சுத் தச்சேன் இதை! எல்லாம் தப்பா?"

"தப்பில்ல. இது வேற ஒருத்தியோட கோட்டு. அம்மாவோடதா இருக்கலாம்." பாப்பா அவள் கோட்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் தச்சிருக்கீங்க. ஆனா இது ஆடுதா? ஓரத்துல ஈயக் குண்டு வைக்கணும்."

"ஈயக் குண்டா? எங்க வைக்கறது, காட்டு காட்டு."

கும்பல் நெருங்கியது. பாப்பா நடுவில் மறைந்துபோனாள். கை மட்டும் மேலே தெரிந்தது, காற்றில் எதையோ மடித்துத் தைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. யாரோ மறுத்தார்கள். இவள் குரல் ஏறியது. யாரோ சிரித்தார்கள். இவளும் சிரித்தாளா என்று தெரியவில்லை, கூட்டம் மறைத்தது.

இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அந்தக் கும்பல் மட்டும் நகரவில்லை. ஐயோக்கா தூணை ஒட்டி நின்றாள். கையில் இரண்டு டிக்கெட் துண்டுகளும் வியர்வையில் கூழாகிக்கொண்டிருந்தன. உள்ளே விளக்கு அணைவது கதவிடுக்கில் தெரிந்தது. படம் போட்டுவிட்டார்கள். பாப்பாவைக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கூப்பிடாமலேயே நின்றாள்.